எஞ்சின் மாற்றிய கார்

மாட்டு வண்டிக்கு மாடு மாற்றுவதில் யாருக்கும் எந்தத் தத்துவச் சிக்கலும் இருந்ததில்லை. காங்கயம் காளைக்கு வயதாகிவிட்டால் சந்தைக்குப் போய் வேறு ஜோடி பிடித்துவந்து பூட்டுவார்கள். வண்டி அதே வண்டிதான், பாட்டனார் வண்டிதான். மோட்டார் காரில் மட்டும் ஏனோ இந்தச் சுலபம் கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் நண்பர் ஒருவர் வீட்டில், எஞ்சினை மாற்றலாமா கூடாதா என்ற விவகாரம் நாலு மாதம் சாப்பாட்டு வேளையைக் கெடுத்ததை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

கார், அம்பாஸடர் மார்க் 2. நண்பரின் தகப்பனார் வாங்கியது. அவர்கள் பேச்சில் 'அய்யன்'. கோயமுத்தூரிலிருந்து நூலும், திருப்பூரிலிருந்து பனியன் கட்டுகளுமாக அவிநாசி ரோட்டில் அந்தக் கார் போய்வந்த தூரத்தைக் கணக்கிட்டால் உலகத்தைப் பலமுறை சுற்றியிருக்கும். அய்யன் காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. கார் இருந்தது, ஆனால் எஞ்சின் போய்க்கொண்டிருந்தது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின்; இங்கிலாந்தில் பிறந்து வங்காளத்து உத்தரபாராவில் வளர்ந்த ஜாதி. சிலிண்டரை எத்தனையோ தடவை கடைந்து பெரிய பிஸ்டன் போட்டாயிற்று.

"இனிமேக் கடையறதுக்கு இரும்பு இல்லீங்க" என்று பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். அவரே வழியும் சொன்னார்: இசுசு எஞ்சின்.

இதில் அவருக்குத் தொழிற்சாலையே முன்னுதாரணம். 1984-இல் கான்டெஸா என்ற பெரிய காரை வெளியிட்டபோது, அந்தப் பெரிய உடம்புக்குள் அம்பாஸடரின் சின்ன எஞ்சினையே வைத்தார்கள். பயில்வான் உடம்பில் பள்ளிக்கூடப் பையனின் நெஞ்சு. பிறகு ஜப்பானிய இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினைப் போட்டதும்தான் கார் மூச்சு விட்டது. 1990-களின் தொடக்கத்தில் அதே எஞ்சின் அம்பாஸடருக்கும் வந்தது. 2014 மே மாதம் உத்தரபாராவில் உற்பத்தி நின்றபோதும், அந்த ஜப்பானிய இதயத்தோடு ஓடிக்கொண்டிருந்த அம்பாஸடர்கள் ஊரெங்கும் இருந்தன.

ஜப்பான் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கார் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் குதிப்பதே அநாகரிகம் என்று நினைத்த ஒரு ஜெர்மானியர் இருந்தார், பெலிக்ஸ் வாங்கல் என்று. முட்டை வடிவான அறைக்குள் முக்கோணமான ஓர் இரும்பு சுழலும். உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, வெளியே தள்ளுவது எல்லாம் அந்தச் சுழற்சியிலேயே நடந்துவிடும். வால்வு கிடையாது, குதிப்பும் கிடையாது. (கிட்டப்பார்வைக்காரரான அவர் கடைசிவரை கார் ஓட்டும் லைசென்ஸே வாங்கவில்லை!) திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வட்டப் பின்னல் மிஷினைப் பார்த்தவர்களுக்குச் சுழற்சியின் அருமை தெரியும்.

ஹிரோஷிமாவின் மாஸ்டா கம்பெனி அந்த எஞ்சினை எடுத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல. முக்கோணத்தின் முனைகள் அறையின் சுவரைக் கீறி வரிவரியாகத் தடம் போட்டன. 'பிசாசின் நகக்கீறல்' என்றே பெயர் வைத்தார்கள். அதைப் போக்கி 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1978-இல் ஆர்.எக்ஸ்-7 வந்தது. 1991-இல் லெமான் பந்தயத்தையே ஒரு சுழல் எஞ்சின் கார் ஜெயித்தது. இன்று உலகெங்கும் பித்துப் பிடித்த சிலர், முதல் ஆர்.எக்ஸ்-7-ஐத் தேடிப் பிடித்து, அதன் 1146 சி.சி. எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பிந்திய 1308 சி.சி. சுழல் எஞ்சினை ஏற்றுகிறார்கள். புதியதன் தாங்கிகள் பழைய சட்டத்தில் பொருந்தா. அதற்காகப் பழைய எஞ்சினின் முன்மூடியையும் எண்ணெய்த் தட்டையும் புதியதில் மாட்டி உட்காரவைப்பார்கள். மருமகளுக்கு மாமியாரின் புடவையைக் கட்டி வீட்டுக்குள் அழைப்பதுபோல!

நம் பட்டறைக்காரருக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஆனால் அவர் கொடுத்த பட்டியலும் சின்னதல்ல. ஐந்து கியர் பெட்டி, புதிய தாங்கிகள், நீளம் மாற்றிய புரொபெல்லர் ஷாஃப்ட், பெரிய ரேடியேட்டர், வேகம் கூடுகிறது என்பதால் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். "ஓடறதுக்குச் செலவு பண்றவங்க நிக்கறதுக்கும் பண்ணோணுமுங்க" என்றார். இந்த வார்த்தைக்காகவே அவருக்குக் கூலி கூட்டிக் கொடுக்கலாம்.

சர்க்கார் பங்கும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர் ஒன்று, எஞ்சின் நம்பர் ஒன்று. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் உள்ளபடி இல்லாமல் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. அனுமதிக்காக நண்பர் நடந்த நடையில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. சட்டத்தின் பார்வையில் ஆத்மா சேஸிஸில் இருக்கிறதா எஞ்சினில் இருக்கிறதா என்று கேட்டேன். "ரெண்டுலயும் இல்லைங்கண்ணா, ரப்பர் ஸ்டாம்பில இருக்குதுங்க" என்றார்.

உண்மையான தடை வீட்டுக்குள் இருந்தது. நண்பரின் தாயாருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது; சத்தம் தெரியும். ராத்திரி எத்தனை மணியானாலும், தெருமுனையில் கார் திரும்பும்போதே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தவர் அவர். முப்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குத்தான் தோசைக்கல் காய்ந்தது. "புது மிசினு போட்டா, அது ஊரான் ஊட்டுக் காராட்டம் வந்து நிக்குமே கண்ணு" என்றார். இதற்கு நண்பரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்த அம்மாள் சொன்னது தப்பு என்று நான் இன்றும் நினைக்கவில்லை.

இன்னொன்றும் அவர் கண்டுபிடித்துவிட்டார். பழைய காரில் கியர் கம்பி ஸ்டியரிங்கின் கழுத்தில் இருக்கும். முன் ஸீட் ஒரே பெஞ்சு. மூன்று பேர் உட்காரலாம். புதிய கியர் தரையில் முளைக்கும். அப்படியானால் ஸீட்டை இரண்டாக வெட்ட வேண்டும். "மிசினு செத்துப்போச்சுன்னா என்ன பண்றது, மாத்திக்க. ஸீட்டுல கத்தி வெக்காதே. நாங்க ரெண்டு பேரும் உன்னய நடுவுல உட்காரவெச்சுப் போன ஸீட்டு."

பட்டறைக்காரர் இரண்டு நாள் யோசித்தார். கியர் கம்பியைச் சூடேற்றி முன்பக்கமாக வளைத்துப் பெஞ்சைக் காப்பாற்றிவிட்டார். நடுவில் உட்காருபவர் காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கார் இப்போது பல்லடம் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறுகிறது. நடு இடத்தில் பேரன் உட்காருகிறான். பழைய எஞ்சின் கம்பெனியில், கட்டிங் மேஜைக்குப் பின்னால், பனியன் வேஸ்ட் துணி போர்த்தி இருக்கிறது. பழைய இரும்புக்காரன் இரண்டு தடவை வந்து விலை கேட்டான். முதல் தடவை நண்பர் ஏதோ தொகை சொல்ல வாயெடுத்தார். தாயார் உள்ளேயிருந்து வந்து, அது விற்கிறதில்லை என்று சொல்லி, அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.