வயித்துல டயாலிசிஸ் டியூப் வைக்கப் போறீங்களா?

1/ வயிற்று டயாலிசிஸுக்கு டியூப் வைக்கிறது சின்ன ஆபரேஷன்தான். ஆனா அந்த டியூப் வருஷக்கணக்கா உழைக்கணும்னா, உங்க பங்கும் வேணும்.

2/ டியூப் வெளியே வர்ற இடத்தை முன்னாடியே பேனாவால குறிப்போம். அன்னைக்கு வழக்கமா கட்டுற லுங்கியோ பாவாடையோ கட்டிட்டு வாங்க. உக்காந்தும் நின்னும் காட்டுங்க. பாவாடை நாடா தினமும் அங்கேயே உரசினா புண்ணாகி கிருமி ஏறும். எங்க கட்டுவேன்னு சொல்லக் கூச்சப்பட்டு தலையாட்டிட்டுப் போற அம்மாக்கள் நிறைய. தயவுசெஞ்சு சொல்லிடுங்கம்மா.

3/ மலச்சிக்கல் இருந்தா அதையும் மறைக்காதீங்க. குடல் நிறைஞ்சிருந்தா டியூப் இடம் மாறலாம். தண்ணி உள்ள போகும், சரியா வெளிய வராது. அதுக்காக நீங்களா வாழைப்பழமா சாப்பிட்டுத் தள்ளாதீங்க, பொட்டாசியம் ஏறிடும். மருந்து நாங்க தர்றோம்.

4/ ஆபரேஷன் முடிஞ்சதும் கட்டை நீங்களா பிரிக்காதீங்க. நனைஞ்சுட்டா உடனே வாங்க. நாங்க சொல்ற வரைக்கும் குளிக்க வேணாம், ஈரத்துணியால உடம்பைத் துடைச்சுக்கோங்க. தண்ணிக் குடம் தூக்காதீங்க.

5/ அவசரம் இல்லேன்னா பொதுவா 2 வாரம் கழிச்சுதான் டயாலிசிஸ் தொடங்குவோம். "டியூப் வச்சும் சும்மா இருக்கே"ன்னு பதறாதீங்க. டியூபைச் சுத்தி சதை பிடிக்கிற நேரம் அது. அவசரப்பட்டா தண்ணி கசியும்.

6/ டயாலிசிஸ் தண்ணிப் பைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே கொடுக்கிறாங்க. வெளிய வர்ற தண்ணி கலங்கலா இருந்தாலோ, வயித்துவலி, காய்ச்சல் வந்தாலோ, காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. நடுராத்திரியானாலும் அந்தப் பையோட கிளம்பி வந்துடுங்க.