புக்கிட் மேரா ஏரிக்கரையில் கற்ற பாடம்

எங்கள் தோட்டப் பள்ளியின் பின்புறத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. முன்பு லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் விடுவதற்காகக் கட்டியது. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு அது கேட்பாரற்றுக் கிடந்தது. மழைநீர் தேங்கிக் கொசு பெருகியது. இடித்து விடலாம் என்ற பேச்சு வந்தபோது, "எங்களிடம் விட்டுவிடுங்கள்" என்று நான்தான் கேட்டு வாங்கினேன். மாணவர்களும் நானும் அதைத் தேய்த்துக் கழுவி, மணல் பரப்பி, சட்டியில் அல்லிக் கிழங்கு நட்டோம். தோட்டத்து லோங்காங்கில் சல்லடையால் பிடித்த கப்பி மீன்களைக் கொண்டு வந்து விட்டோம். சில நாளில் கொசுப் புழு ஒன்றுகூட இல்லை. காலையில் மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நிற்பது வழக்கமாயிற்று.

ஆசை ஓரிடத்தில் நிற்குமா? பட்டணத்துக் கடையிலிருந்து ஒருவன் பொன்மீன் வாங்கி வந்தான். இன்னொருவனின் அப்பா, பாசி தின்னும் என்று சொல்லி, விரல் நீளத்தில் ஒரு 'பண்டாராயா' மீன் வாங்கிக் கொடுத்தார். மலாயில் 'பண்டாராயா' என்றால் மாநகரம். மாநகராட்சி ஆட்கள் தெருவைக் கூட்டுவதுபோல் இது தொட்டியைக் கூட்டுமாம். கூட்டத்தான் செய்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் அது முழங்கை நீளம் வளர்ந்து, அல்லிச் சட்டியைக் கவிழ்த்து, கலக்கிய சேற்றில் மற்ற மீன்களைப் பார்க்கவே முடியாமல் செய்துவிட்டது.

சென்ற பருவ இறுதியில் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்து கேட்டான்: "சார், பாவம் சார் அது. திரும்பக்கூட இடமில்லே. ஆத்துலே கொண்டு போய் விட்டுடலாமா?"

"விடுமுறை முடியட்டும், பார்க்கலாம்" என்றேன். அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விடுமுறையில் பாகான் செராயில் இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்குப் புறப்பட்டேன். தைப்பிங்கில் ரயில் ஏறி கமுண்டிங்கைத் தாண்டினால், சிறிது நேரத்தில் இரு பக்கமும் நிலம் மறைந்து தண்ணீர் தெரியும். அதுதான் புக்கிட் மேரா ஏரி. இரட்டைத் தண்டவாளம் போட்டபோது ஏரியின் மேல் கட்டிய பாலம் ஏறக்குறைய 3.5 கிலோமீட்டர் நீளம். பெட்டிக்குள் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட அங்கே வரும்போது பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார்கள். பட்ட மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும். சிறு படகில் யாராவது ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருப்பார்.

பார்ப்பவர்கள் இதை இயற்கை ஏரி என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் இது மனிதர் கட்டிய நீர்த்தேக்கம். கிரியான் வட்டார நெல் வயல்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக குராவ் ஆற்றை மறித்து 1906ஆம் ஆண்டு கட்டி முடித்தார்கள். நாட்டின் மிகப் பழைய நீர்த்தேக்கங்களில் இதுவும் ஒன்று. பாகான் செராய், பாரிட் புந்தார் பக்கத்துச் சோறு இந்தத் தண்ணீரில் விளைந்தது.

கிரியானுக்கும் நம்மவர்களுக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தியது. ரப்பர் வருவதற்கு முன்னால் இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நம் முன்னோர் பலர் கரும்பு வெட்டத்தான் இந்தப் பக்கம் வந்து இறங்கினார்கள். என் மைத்துனரின் கொள்ளுப்பாட்டனாரும் அப்படி வந்தவரே. கரும்பு போய், ரப்பர் வந்து, அதுவும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஏரி மட்டும் அப்படியே கிடக்கிறது.

அந்த ஏரிக்கு இன்னொரு பெருமை உண்டு. உலகெங்கும் மீன் வளர்ப்பவர்கள் இந்த ஊரின் பெயரை அறிவார்கள். காரணம் கெலிசா மீன். சீனர்கள் இதை 'டிராகன் மீன்' என்பார்கள். காசு போன்ற பெரிய செதில்கள், தாடையில் இரண்டு மீசை, வாள் போன்ற உடல். இது வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. கெலிசாவில் சிவப்பு, பச்சை என்று பல வகை இருந்தாலும், புக்கிட் மேராவின் பொன் கெலிசாவுக்குத் தனி மதிப்பு. மற்ற வகைகளில் பொன்னிறம் முதுகு வரை ஏறுவதில்லை. இதற்கோ வளர வளர முதுகைத் தாண்டி மறுபக்கம் வரை ஏறும்.

"அதைப் பார்க்காமல் போகக் கூடாது" என்று மைத்துனர் தமக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்கு அழைத்துச் சென்றார். வேலியும் காவலுமாக இருந்த இடம். உள்ளே செவ்வகக் குளங்கள் வரிசையாக இருந்தன. எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் அங்கே வேலை செய்யும் ஒரு தமிழர். இளமையில் பால்மரம் வெட்டியவராம். ஒரு கைப்பிடி வெட்டுக்கிளியை அவர் தண்ணீரின் மேல் காட்டியதுதான் தாமதம், தங்கத் தகடு ஒன்று நீரைப் பிளந்து எழும்பி மறைந்தது. என் சட்டையெல்லாம் நனைந்தது.

"மூடி போடாம தொட்டியிலே வச்சா, ராத்திரி துள்ளி வெளியே விழுந்து செத்துப் போயிடும் வாத்தியாரே. ஆயிரக்கணக்கான வெள்ளி தரையிலே கிடக்கும்" என்று சிரித்தார்.

பிறகு அவர் சொன்ன ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. பெண் மீன் முட்டையிட்டதும், ஆண் மீன் அவற்றையெல்லாம் வாயில் வாங்கிக்கொள்கிறது. சில பத்து முட்டைகள்தாம்; ஒவ்வொன்றும் பெரிய கோலிக் குண்டு போல இருக்கும். குஞ்சு பொரித்துத் தானாக நீந்தும் வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், தகப்பன் இரை தின்பதில்லை. பிள்ளைகளை வாயிலேயே வைத்துக் காக்கிறது.

"ஒரு தடவைக்குக் கொஞ்சம் குஞ்சுதான். வயசுக்கு வர்றதுக்கும் மூணு நாலு வருஷம் ஆகும். அப்படிப்பட்ட மீனை ஆளாளுக்கு வலை போட்டா தாங்குமா?" என்றார்.

தாங்கவில்லை. இந்த வகை மீன் வாழும் நாடுகளிலெல்லாம் அதைப் பிடித்து விற்றார்கள். காடும் சதுப்பு நிலமும் அழிந்தன. அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1975ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதில் மிகக் கடுமையான பட்டியலில் கெலிசாவும் இருக்கிறது. இயற்கை நீரில் பிடித்த கெலிசாவை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்த மீனைத்தான் விற்கலாம். அதற்கு அடையாளமாக ஒவ்வொரு மீனின் உடலிலும் அரிசி மணி அளவில் ஒரு மின்னணுச் சில்லு வைக்கிறார்கள். அதிலுள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். நம் அடையாள அட்டையைப் போலத்தான்!

விடை பெறும்போது என் மனத்திலிருந்ததைக் கேட்டுவிட்டேன். "பள்ளித் தொட்டியில் ஒரு பண்டாராயா மீன் பெரிசா வளர்ந்துடுச்சு. பிள்ளைங்க ஆத்துலே விடலாம்னு சொல்றாங்க..."

அவர் முகம் மாறியது. "அந்தத் தப்பை மட்டும் செய்யாதீங்க. அது நம்ம நாட்டு மீன் இல்லே, தென் அமெரிக்காவிலேருந்து வந்தது. கவசம் மாதிரி தோல், எந்த மீனும் அதை லேசுலே திங்காது. அழுக்குத் தண்ணியிலேயும் காத்தை விழுங்கி உயிரோட இருக்கும். நூத்துக்கணக்குலே முட்டை போடும். கரையைக் குடைஞ்சு பொந்து வச்சு, கரையே சரிஞ்சு விழும். கிள்ளான், லங்காட் ஆத்துலே எல்லாம் இப்ப ஆளுங்க கூட்டமா இறங்கி அதைப் பிடிச்சு ஒழிக்கிறாங்களே, பார்க்கலியா? அதை ஆத்துலே விட்டது யாரு? கடலா கொண்டாந்துச்சு? தொட்டி வச்சிருந்த நம்மள மாதிரி ஆளுங்கதான்."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச வாய் வரவில்லை.

வாசக அன்பர்களே, மாணவனுக்கு நான் பதில் சொல்லாத காரணத்தை இப்போது சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வகுப்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தபோது, வளர்ந்துவிட்ட இரண்டு பண்டாராயா மீன்களை எங்கள் தோட்டத்து ஆற்றில் விட்டவன் நானே. வெறுமனே விடவில்லை. வகுப்பு முழுவதையும் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, 'உயிர்களிடத்தில் அன்பு வேண்டும்' என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எங்கள் தோட்டத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அந்த ஆற்றில் வலை வீசித்தான் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வழி தேடுவார். முன்பு லாம்பாம், செபாராவ், விரால் என்று அவர் கூடையில் துள்ளும். லயத்தில் நான்கு வீட்டுக்காவது பங்கு போகும். இப்போது வலையில் ஏறுவது பெரும்பாலும் பண்டாராயாதான். அதன் முள் வலையைக் கிழிக்கிறது. ஞாயிறு மாலையில் அவர் வலை தைத்துக்கொண்டிருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் பாராமல் போயிருக்கிறேன். நான் விட்ட இரண்டிலிருந்துதான் அத்தனையும் வந்தன என்று சொல்ல முடியாது. வேறு பலரும் விட்டிருப்பார்கள். ஆனால் நான் விடவில்லை என்றும் சொல்ல முடியாதே!

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும் வாத்தியாரே. அன்னைக்கு என் பேரனும் உங்ககூட கரையிலே நின்னான். வீட்டுக்கு வந்து, சார் மீனுக்கு விடுதலை கொடுத்தாருன்னு சொன்னான். நல்ல மனசுலேதானே செஞ்சீங்க. இனிமே பிள்ளைங்களுக்கு நல்லதைச் சொல்லிக் கொடுங்க, போதும்."

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பள்ளி திறந்த முதல் நாளே பிள்ளைகளைத் தொட்டியருகே கூட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். நான் செய்ததையும் மறைக்கவில்லை. ஆசிரியர் தவறு செய்தார் என்பதைக் கேட்டு வகுப்பே வாயடைத்து நின்றது. பிறகு கேள்விகள் வந்தன. "அப்போ கப்பி மீன், சார்?" கப்பியும் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்ததுதான். பல நாடுகளில் கொசுவை ஒழிக்க வேண்டுமென்றே அதை விட்டிருக்கிறார்கள். குட்டையை மூடிக் கிடக்கும் ஆகாயத் தாமரையும் தென் அமெரிக்கச் செடியே. "அப்படின்னா, நம்ம மீன் எது சார்?"

இந்தக் கேள்விக்கு மறுநாள் அவர்களை நடத்தியே அழைத்துச் சென்று பதில் காட்டினேன். செம்பனைக் காட்டு ஓரத்தில், கங்குங் கீரை அடர்ந்த ஆழமில்லாத கால்வாயில், இலைக்கு அடியில் நுரை மிதந்தது. நுரைக்குக் கீழே சுண்டு விரல் அளவில் ஒரு கரிய மீன், செதில்தோறும் நீலப் பச்சை மின்ன நின்றது. நம் பிள்ளைகள் போத்தலில் பிடித்து விளையாடும் அதே காட்டுச் சண்டை மீன். அறிவியல் உலகம் இதைத் தனி இனமென்று பெயரிட்டது 1975ஆம் ஆண்டில்தான். இதுவும் நல்ல தகப்பன். வாயால் காற்றுக் குமிழி ஊதிக் கூடு கட்டி, முட்டையை அதில் ஒட்டி, கீழே விழுவதைப் பொறுக்கித் திரும்ப வைத்துக் காக்கும். புக்கிட் மேராவில் ஆயிரக்கணக்கான வெள்ளி பெறும் மீனின் பாசத்தை, நம் லயத்துக் கால்வாயில் காசில்லாமல் காணலாம். ஆனால் பூச்சிமருந்து டப்பாவை அங்கே கழுவினால் அது இருக்காது.

வீட்டில் தொட்டியோ, கொல்லையில் சிறு குளமோ வைக்க விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். மீன் வாங்கும்போது, அது எவ்வளவு பெரிதாக வளரும் என்று முதலில் கேளுங்கள். குழாய்த் தண்ணீரை ஓரிரு நாள் பிடித்து வைத்து, குளோரின் வாடை போன பிறகு பழகிய நீரோடு சிறிது சிறிதாகச் சேருங்கள். சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவுக்கே தீனி போடுங்கள். மிஞ்சியது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். மழையில் குளம் வழிந்து மீன் கால்வாய்க்கு ஓடாதபடி வலை கட்டுங்கள். வளர்க்க முடியாமல் போனால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்ப்பவரிடம் சேருங்கள். கடை மீனோடு ஒன்றாக வைத்திருந்த உள்ளூர் மீனைக்கூடத் திரும்ப விட வேண்டாம். நோய் தொற்றிப் பரவக்கூடும். எக்காரணம் கொண்டும் தொட்டி மீனை ஆற்றிலோ ஈயக்குட்டையிலோ விடாதீர்கள்.

எங்கள் பண்டாராயா இன்னும் பள்ளியில்தான் இருக்கிறது. தொட்டியின் நடுவே செங்கல் அடுக்கித் தடுத்து, அதற்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறோம். அல்லிச் சட்டி இப்போது கவிழ்வதில்லை. வெள்ளரித் துண்டு போடுவது ஐந்தாம் வகுப்பின் முறை. ஆற்றில் விடலாமா என்று கேட்ட அந்த மாணவன்தான் பட்டியல் போட்டு அதை நடத்துகிறான். அவன் ஆறாம் வகுப்பு முடித்துப் போகும்போது யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிட்டான்.