'உங்களுக்கு மட்டும்' விலையும், அப்பா போடச் சொன்ன போனும்!

அப்பா 22 வருடங்களாக டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறார். ஈ.சி.ஆரில் இருக்கும் ஸ்டார் ஹோட்டல்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதாவது, அவற்றின் பின்பக்க பார்க்கிங் அத்துப்படி. எங்கே டிரைவர்களுக்குச் சாப்பாடு தருவார்கள், எங்கே கொசு அதிகம் என்பதெல்லாம் சொல்வார். உள்ளே ஒருநாள்கூடத் தங்கியதில்லை.

இந்த பிப்ரவரியோடு அப்பா, அம்மாவுக்குக் கல்யாணமாகி 30 வருடம். மாமல்லபுரம் பக்கம் அவர் அடிக்கடி சவாரி போகும் கடலோர ரிசார்ட்டில் இருவரையும் ஒரு ராத்திரி தங்கவைக்க ஆசைப்பட்டேன். டிஜிட்டல் டெஸ்க் சம்பளத்துக்கு அது கொஞ்சம் ஓவர்தான்.

தினமும் ஆப்பில் அந்த ரிசார்ட்டையே தேடினேன். நான்காம் நாள் ஆப்பே கூப்பிட்டது, என் பெயர் சொல்லி. 'உங்களுக்கு மட்டும்!' சனிக்கிழமை ராத்திரிக்கு 11,800 ரூபாயை அடித்துவிட்டு 9,500 என்றது. கீழே பொடி எழுத்தில் 18% ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 11,210. பக்கத்தில் 10 நிமிட கவுன்ட்டவுன் வேறு. 'ஒரே ஒரு ரூம்தான் பாக்கி' என்று சிவப்பு எழுத்து. கை பரபரத்தது.

ஏதோ ஒரு சந்தேகத்தில் அப்பாவின் பழைய போனில் அதே ரூமைத் தேடினேன். 8,900! புது வாடிக்கையாளர் கூப்பனாம். அதிலும் 'ஒரே ஒரு ரூம்தான் பாக்கி.' அப்போ எனக்கு மட்டும் என்றது?

அமெரிக்காவின் ஆர்பிட்ஸ் தளம், மேக் கம்ப்யூட்டரில் தேடுகிறவர்களுக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்னால் காட்டுகிறது என்று 2012-லேயே 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' எழுதியது. டிப்ளோமா படிக்கும்போது வாசித்திருக்கிறேன். நம் தலையில் விழும்போதுதானே உறைக்கிறது!

"என் போன்ல என்னம்மா தேடுற?"

ரகசியம் உடைந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "பின்சீட்ல பேசுறதை 22 வருஷமா கேட்குறேன். பெரிய ஆளுங்க எல்லாம் இதுல விலையைப் பார்த்துட்டு, ஹோட்டலுக்கே போன் போட்டுக் கேட்பாங்க. நீயும் கேளேன்."

பேரம் பேச அது என்ன கோயம்பேடா? கூச்சமாகத்தான் இருந்தது. ரிசார்ட்டின் சொந்த இணையதளத்தில் இருந்த நம்பருக்கே கூப்பிட்டேன் (தேடினால் வரும் நம்பர்களில் போலிகளும் உண்டு, ஜாக்கிரதை). எடுத்த பெண், "என்ன விசேஷம் மேடம்?" என்று கேட்டார். சொன்னேன். அப்பா டிரைவர் என்பதையும் சேர்த்து.

"சனிக்கிழமைன்னா 8,800-க்குக் கீழ முடியாது மேடம். ஞாயிறு ராத்திரி தங்குறாங்கன்னா 7,400-க்குத் தர்றேன், டிபனோட. டாக்ஸும் குறையும்."

அந்தக் கடைசி வரிதான் விஷயமே. 2025 செப்டம்பர் 22 முதல், ஒருநாள் வாடகை 7,500 ரூபாய்வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி 5%தான். ஒரு ரூபாய் தாண்டினாலும் முழுத் தொகைக்கும் 18%. ஆக, எனக்கு 7,770 ரூபாயில் முடிந்தது. ஆப்பில் அதே ஞாயிறுக்கு 7,900 காட்டியது, வரியோடு 9,322. நாளை மாற்றிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கவுன்ட்டவுன் ஓடும்போது யாருக்குத் தோன்றும்?

ஆப் வழியாகப் போனால் ஹோட்டல் கமிஷன் தர வேண்டும். நேரில் கேட்பவருக்கு அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடிகிறது. ஆனால், அதை வெளிப்படையாகப் போட விடாத தளங்களும் இருந்திருக்கின்றன. எங்கள் தளத்தைவிடக் குறைந்த விலையை வேறெங்கும் தரக் கூடாது என ஹோட்டல்களைக் கட்டிப்போட்டதற்காக, முன்னணி புக்கிங் நிறுவனம் ஒன்றுக்கு 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது.

பேசியதை எல்லாம் மெயிலில் வாங்கிக்கொண்டுதான் பணம் கட்டினேன்.

ஞாயிறு சாயங்காலம் அம்மா போன் செய்தார். சிரிப்பில் பேச்சே வரவில்லை. "உங்கப்பா வண்டியை நேரா டிரைவர் பார்க்கிங்ல கொண்டுபோய் விட்டுட்டார்டி. செக்யூரிட்டி தம்பி வந்து, 'கெஸ்ட் எங்கண்ணே?'ன்னு கேட்கிறான். இவர் என்னைக் கைகாட்டுறார்!"