டூரினில் ஒரு தாய் வீடு

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோமாபுரியைப் பார்ப்பார்கள். வெனிஸில் படகு ஏறுவார்கள். பீஸா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், போ நதிக் கரையில் இருக்கும் டூரினுக்குப் போகிறவர்கள் குறைவு. போகிறவர்களும் மோட்டார்க் காரும் சாக்லேட்டும்தான் அந்த ஊரின் பெருமை என்று எண்ணித் திரும்பிவிடுவதுண்டு. வாருங்கள், உங்களை அந்த ஊரில் வேறோர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். அது அரண்மனை அல்ல. ஒரு குடியானவப் பெண்மணி பத்து வருஷம் அடுப்பெரித்த இடம்.

போர்த்தா சூஸா ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கே நடந்தால் வால்டோக்கோ என்ற பேட்டை வரும். அதற்குச் சற்று முன்னால் ஒரு நாற்சந்தி. 'தூக்குமரத் திடல்' என்று பொருள்படும் பெயர் அதற்கு இன்றும் வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குற்றவாளிகளைப் பலர் அறியத் தூக்கிலிட்ட இடம் அது. அங்கே ஒரு பாதிரியாரின் சிலை இருக்கிறது. கடைசி நிமிஷம் வரையில் கைதிகளுக்குத் துணையாக நின்ற ஜோசப் கஃபாஸோ என்பவர் அவர். தம்மைக் குருவாக எண்ணிய ஓர் இளம் பாதிரியாரை அவர் டூரின் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். அந்த இளைஞர்தாம் ஜான் பாஸ்கோ. இத்தாலியில் பாதிரிமார்களை 'டான்' என்று மரியாதையாக அழைப்பார்கள். ஆகவே அவர் டான் பாஸ்கோ ஆனார்.

சிறையில் அவர் கண்டது என்ன? பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான பையன்கள்! மலைக் கிராமங்களிலிருந்து கொத்து வேலைக்கும் புகைபோக்கி துடைக்கவும் பட்டணத்துக்கு வந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். வேலை இல்லாதபோது தெருதான் அவர்களுக்கு வீடு. விடுதலையாகிப் போகும்போது இனி ஒழுங்காக இருப்போம் என்றுதான் போனார்கள். சில நாளில் திரும்பவும் அதே சிறைக்கு வந்து சேர்ந்தார்கள். வெளியே அவர்களைக் கவனிக்க ஓர் ஆள் இருந்திருந்தால் இப்படி ஆகியிராதே என்று டான் பாஸ்கோ எண்ணினார். அவர் பிற்காலத்தில் செய்த அத்தனை காரியத்துக்கும் இந்த எண்ணந்தான் வித்து.

1841 டிசம்பர் 8-ஆம் தேதி முதல் சிநேகிதன் கிடைத்தான். கோயில் பணியாள் அடித்து விரட்டிய ஓர் அநாதைக் கொத்து வேலைப் பையன் அவன். டான் பாஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து, பிரியமாகப் பேசி அனுப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தன் கூட்டாளிகளோடு வந்தான். கூட்டம் பெருகிற்று. விளையாட்டு, பாட்டு, பாடம், பிரார்த்தனை எல்லாம் உண்டு. கூடவே கூச்சலும் உண்டு! அக்கம்பக்கத்தார் பொறுப்பார்களா? ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு விரட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1846 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறன்று வால்டோக்கோவில் ஒரு கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. கூரை மிகத் தாழ்வு என்று தரையைத் தோண்டிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

கொட்டகை கிடைத்தது, ஆனால் ஓயாத உழைப்பில் டான் பாஸ்கோ படுக்கையில் விழுந்துவிட்டார். பிழைத்தெழுந்ததும் கிராமத்துக்குப் போய்த் தம் தாயாரிடம், என்னோடு வருகிறாயா அம்மா என்று கேட்டார். மார்கரீத்தாவுக்கு அப்போது வயது 58. இளம் வயதில் கணவனை இழந்து, நிலத்தில் பாடுபட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியவள். பேரன் பேத்திகளோடு நிம்மதியாக இருந்த சமயம். அத்தனையையும் விட்டுவிட்டு 1846 நவம்பர் 3-ஆம் தேதி மகனோடு கால்நடையாகவே டூரின் வந்து சேர்ந்தாள். கலியாணச் சேலையைப் போல் பொத்திவைத்திருந்த துணிகளை வெட்டிக் கோயிலுக்குத் தைத்தாள். கைவசம் இருந்த சொற்ப நகையும் விலையாயிற்று.

1847 மே மாதம், மழை கொட்டிய ஓர் இரவு. தொப்பலாக நனைந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கதவைத் தட்டினான். வேலை தேடி வந்தவன்; கொண்டுவந்த காசு தீர்ந்துவிட்டது. மார்கரீத்தா அவனை அடுப்பருகே உட்காரவைத்துச் சூப்பும் ரொட்டியும் கொடுத்தாள். ஆனால் எங்கே படுக்கவைப்பது? முன்பு இரக்கப்பட்டு இடம் கொடுத்தபோது பையன்கள் போர்வைகளோடு கம்பி நீட்டியிருந்தார்கள். இருந்தாலும், சமையலறையிலேயே செங்கல்லை அடுக்கிப் பலகை போட்டுப் படுக்கை தயாராயிற்று. பாத்திரம் பண்டம் பத்திரமாக இருக்க வேண்டுமே என்று கதவைப் பூட்டினார்கள் என்பதையும் டான் பாஸ்கோ மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். பூட்டுவதற்கு முன்னால் அந்தத் தாய், உழைப்பைப் பற்றியும் நாணயத்தைப் பற்றியும் தெய்வ பக்தியைப் பற்றியும் அவனுக்கு நாலு வார்த்தை சொன்னாள். அந்த இல்லத்தின் முதல் பிள்ளை அவன்தான்.

பிறகு பத்துப் பேர், ஐம்பது பேர் என்று வளர்ந்தார்கள். ஒரு நாள் மார்கரீத்தாவுக்கே பொறுமை போய்விட்டதாம். தோய்த்து உலர்த்திய துணியை மண்ணில் தள்ளுகிறான் ஒருவன். ஆசையாகப் போட்ட காய்கறிப் பாத்தியை மிதித்துத் துவைக்கிறான் இன்னொருவன். கரண்டியும் சட்டியும் விளையாட்டுச் சாமானாகிக் காணாமற் போகின்றன. ஊருக்கே போய்விடுகிறேன் என்று மகனிடம் கண்ணீர் விட்டாள். மகன் வாதாடவில்லை. சுவரில் இருந்த சிலுவையைக் காட்டினார். அவள் சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, மறுபடி முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள் என்று சொல்வார்கள்.

சோறும் படுக்கையும் கொடுத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. வேலைக்குப் போகும் பையன்களை டான் பாஸ்கோ பட்டறைகளுக்கே சென்று பார்த்து வந்தார். 1852 பிப்ரவரியில் ஒரு தச்சு மேஸ்திரியோடு முத்திரைத் தாளில் எழுதிய ஒப்பந்தம் ஒன்று இன்னும் இருக்கிறது. தப்புச் செய்தால் வாயால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. தொழிலைச் சேராத வேலை வாங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தரவேண்டும் என்பன அதிலுள்ள நிபந்தனைகள். பையனுக்காக டான் பாஸ்கோவும் கையெழுத்திட்டார். 1853-இல் இல்லத்திலேயே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறைகள் ஏற்பட்டன. பின்னர் அச்சுக்கூடமும் வந்தது. புதிதாக வந்த முரட்டுப் பையனுக்கு, முன்பே வந்து பழகிய ஒருவனை அண்ணன் மாதிரி துணைக்கு வைப்பதும் அங்கே வழக்கம்.

இன்று அங்கே போனால் 1868-இல் அபிஷேகமான பெரிய மாதா கோயில்தான் முதலில் கண்ணில் படும். உள்ளே முற்றத்தின் ஓரத்தில், பழைய கொட்டகை இருந்த இடத்தில் சிறிய கோயில் ஒன்று இருக்கிறது. 2020-இல் திறந்த பொருட்காட்சிச் சாலையும் பார்க்கத் தகுந்தது. மார்கரீத்தாவின் சமாதி எங்கே என்று கேட்காதீர்கள். 1856 நவம்பர் 25-ஆம் தேதி காலமான அவளை ஏழைகளின் பொதுக் குழியில் அடக்கம் செய்தார்கள்.

அந்த அடுப்பின் சூடு நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. டான் பாஸ்கோவின் சலேசிய சபையார் 1906-இல் இந்தியாவுக்கு வந்து முதன்முதலாகத் தங்கியது நம் தஞ்சாவூரில்தான். சென்னையில் தெருப் பிள்ளைகளுக்காக அவர்கள் அமைத்த இல்லத்தின் பெயர் 'அன்பு இல்லம்'.

சலேசிய இல்லங்களில் ஒரு பழக்கம் உண்டு. இரவு பிள்ளைகள் படுக்கப் போகுமுன், பெரியவர் ஒருவர் வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். மழையில் நனைந்து வந்த அந்தப் பையனுக்கு மார்கரீத்தா சொன்னாளே, அதிலிருந்து வந்த பழக்கம் அது. உங்கள் வீட்டுச் சமையலறையிலும் விளக்கை அணைக்குமுன் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை சொல்லத்தானே சொல்லுகிறீர்கள்?