அந்த ஒரு நிமிடம்

மும்பை–புணே விரைவுச் சாலையில் விபத்துக்குள்ளாகி எங்களிடம் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் வயிறு நிறைந்திருக்கும். லோனாவாலாவில் நிறுத்தி மிசல் பாவ் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். மயக்கம் கொடுத்ததும் அது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. நினைவு போவதற்கும் மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போவதற்கும் நடுவே உள்ள நேரத்தை எப்படிக் குறைப்பது என்பதே மயக்க மருத்துவர்களான எங்கள் கவலை. தசை சீக்கிரம் தளர்ந்தால்தான் ட்யூப் சீக்கிரம் போகும்.

ஸ்கோலின் என்று நாங்கள் சொல்லும் சக்ஸமெத்தோனியம் 1951இல் வழக்கத்துக்கு வந்தது. ஒரு நிமிடத்தில் தசையைத் தளர்த்தும்; பத்து நிமிடத்துக்குள் விலகிவிடும். ஆனால் தீக்காயம் பட்டுச் சில நாளானவருக்கு ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்திவிடலாம். நம் பக்கத்து ஆரிய வைசியக் குடும்பங்கள் சிலவற்றில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே இருப்பதில்லை. அவர்களுக்கு மூச்சு திரும்ப மணிக்கணக்காகும். புணேயில் குடியேறியவர்களிடம் தமிழிலோ அரைகுறைத் தெலுங்கிலோ இதைக் கேட்டுக்கொள்வேன்.

தசையைத் தளர்த்தும் இன்னொரு மருந்தான வெக்யூரோனியம் வழக்கமான அளவில் மூன்று நிமிடம் எடுக்கும். அதை முடுக்க நாங்கள் கற்றது பிரைமிங்: பத்தில் ஒரு பங்கை முதலில் செலுத்தி, நாலு நிமிடம் கழித்து மீதியைக் கொடுப்பது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் முக்கால் பங்கு ஏற்பிகள் அடைபடும்வரை தசை வலுவிழக்காது. அந்த உபரியை முன்னதாகவே அடைத்துவைக்கிறோம். கணக்கு அழகானது. ஆனால் விழித்தபடி படுத்திருப்பவரைப் பாருங்கள். இமை சரிகிறது, விளக்கு இரண்டாகத் தெரிகிறது, எச்சில் விழுங்க முடியாமல் தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார். வயிறு நிறைந்தவருக்கு விழுங்கும் வலுவைப் பறிப்பது எந்த ஆபத்தைத் தவிர்க்கப் பார்க்கிறோமோ அதையே கூப்பிடுவதாகும். நான் அதை விட்டுவிட்டேன்.

இப்போது ரொக்யூரோனியம். கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் கொடுத்தால் ஒன்றரை நிமிடம்; 1.2 கொடுத்தால் ஏறத்தாழ ஒரு நிமிடம். வீரியம் குறைவு என்பதால் நிறைய மூலக்கூறுகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அத்தனையும் ஒரேயடியாகப் போவதால்தான் இந்த வேகம். தளர்வு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். சுகாமடெக்ஸ் அதை முறிக்கும், விலைதான் கையைக் கடிக்கிறது.

எந்த மருந்தானாலும் கொண்டுசேர்ப்பது ரத்த ஓட்டம். ரத்தமிழந்து சில்லிட்டுப்போன உடம்பில் அதே அளவு மந்தமாகவே வேலை செய்யும். அதனால் முழங்கை மடிப்பின் நரம்பில் பச்சை வென்ஃப்ளான் ஊசிக்குழல், தடையின்றி ஓடும் சலைன், மருந்து போன கையோடு இன்னும் 20 மில்லி சலைன், கையை உயர்த்திப் பிடிக்க ஒரு சிஸ்டர். தளர்வை அறிய நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும்போது கட்டைவிரல் துடிப்பு அடங்கட்டும் என்று காத்திருப்பதில்லை. குரல்வளை அதற்கு முன்பே தளர்ந்துவிடும். புருவத்தின் துடிப்பு அதைச் சரியாகக் காட்டும்.

இத்தனைக்கும் மேலாக நான் நம்புவது மருந்துக்கு முந்தைய மூன்று நிமிடத்தை. தலைப்பக்கத்தை உயர்த்தி, மாஸ்க்கை இடைவெளியில்லாமல் பொருத்தி, "மோட்டா ஷ்வாஸ் க்யா" (பெரிதாக மூச்சிழுங்கள்) என்று மராத்தியில் காதருகே சொல்லிக்கொண்டே இருப்பேன். நுரையீரலில் ஆக்சிஜன் நிறைந்திருந்தால் திடமான ஆள் மூச்சில்லாமலும் சில நிமிடம் தாங்குவார். கர்ப்பிணிக்கும் உடல் பருத்தவருக்கும் அந்த அவகாசம் குறைவு. அவசரத்தில் மூன்று நிமிடம் வெட்டுப்படுவதும் அவர்களுக்குத்தான். சர்ஜன் கையுறையோடு காத்து நின்றாலும், வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதத்தைத் தொடும்வரை நான் சிரிஞ்சை எடுப்பதில்லை.