மணி ஐந்தடித்தது

எமது இல்லத்து நடுக்கூடத்தில் ஊசற் கடிகாரம் ஒன்று உண்டு. பாட்டனாரின் தந்தையார் கொழும்பு நகரில் கடை வைத்திருந்த காலத்து வாங்கி, கப்பலேற்றிக் கொணர்ந்தது அது. அதன் முகத்திற் சாவித் துளைகள் இரண்டு: வலப்புறத்தது முட்களை ஓட்டும் வில்லுக்கு, இடப்புறத்தது மணியடிக்கும் வில்லுக்கு. வாரம் ஒருமுறை இரண்டிற்கும் சாவி கொடுத்தல் வேண்டும். சனிக்கிழமை மாலைதோறும் முக்காலியின்மேல் ஏறி நின்று அதனைச் செய்வது பன்னிரண்டாம் வயது முதல் எமது பணியாயிருந்தது.

பாட்டனார் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். கண்ணழுத்த நோயினாற் பார்வை படிப்படியாகக் குன்றி, இப்போது ஒளியையும் நிழலையும் மட்டுமே பிரித்தறிவார். அவர்க்குப் பொழுதென்பது செவியின் வழியே வருவது. முன்னர் விடியற்காலையில் கோயிற்குட்டியார் கயிறிழுத்து ஆலய மணியை அடிப்பார். அடுத்துப் பால்காரரின் சைக்கிள் மணி கேட்கும். ஆலய மணி இக்காலத்து ஞாயிறு ஆராதனைக்கும் இறந்தோர்க்கும் மட்டுமே ஒலிக்கின்றது. பாலோ உறையில் அடைபட்டு ஓசையின்றி வாயிலில் வந்து கிடக்கின்றது. எஞ்சியது கடிகாரமே. அரைமணிக்கு ஓரடியும் மணிக்கு மணி அதற்குரிய எண்ணும் ஆக, நாளொன்றுக்கு 180 அடிகள். நள்ளிரவுக்குப் பின் ஓரடி கேட்பின் அது பன்னிரண்டரையோ, ஒன்றோ, ஒன்றரையோ என்பதை அடுத்த அடிக்குக் காத்திருந்தே துணிவார். இது முதுமையில் தமக்குக் கிடைத்த கணக்குப் பாடம் என்று நகைப்பார்.

முல்லைப்பாட்டில், பாசறையிலிருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் நீர்க்கருவியாற் பொழுதளந்து அறிவிக்கும் பகுதியை வகுப்பிற் படித்தபோது எமக்கு அக்கடிகாரமே நினைவில் வந்தது. அரசன் வினவியதாக அப்பாட்டில் இல்லை; அவர்களே சொல்லுகின்றனர்.

யாம் விடுதிக்கு வந்தபின் சாவி கொடுப்பாரிலர். தந்தையார் முன்கூடத்திற் பாட்டரிக் கடிகாரம் ஒன்றை மாட்டினார். அதனுள்ளிருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து காலத்தைச் செவ்வனே காக்குமாம். ஆயினும் அது வாய் திறவாது. தமக்கையார் கைப்பேசி ஒன்றை வாங்கித் தந்து, அதனிடம் மணி கேட்கப் பாட்டனாருக்குக் கற்பித்தார். பகலிற் கேட்டார். இரவிற் கேட்கவில்லை. "எல்லாரும் உறங்கும்போது நான் பேசினால் வீடு விழித்துக்கொள்ளுமே" என்பது அவர் சொன்ன காரணம்.

2024 ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் யாம் இல்லம் சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. ஊசல் அசைவற்றுத் தொங்கிற்று. உடனே சாவி கொடுத்து, கைப்பேசி காட்டிய நேரத்திற்குப் பெரியமுள்ளை விரைந்து சுழற்றினோம். இடையிடையே மணி அடிக்க முயன்றதைப் பொருட்படுத்தினோமல்லோம். பாட்டனார் ஊசலின் ஓசை கேட்டு மகிழ்ந்து உறங்கச் சென்றார்.

அத்தகைய பழங்கடிகாரத்தில் மணியெண்ணைக் காப்பது பள்ளங்கள் வெட்டிய ஒரு தனிச் சக்கரம். முட்கள் நிற்குமிடத்தை அச்சக்கரம் அறியாது. ஓரடி தவறினால் தவறியபடியே எண்ணிச் செல்லும். அவ்விரவு முட்கள் இரண்டைக் காட்ட, மணி ஐந்தடித்தது.

பாட்டனார் எழுந்தார். கிணற்று நீரில் நீராடி, வெள்ளை வேட்டி உடுத்து, திண்ணையில் வந்து அமர்ந்தார். மூன்றரை மணிக்கு எம் அன்னையார் கதவு திறந்திருக்கக் கண்டு எம்மை எழுப்பினார். மார்கழிப் பனி தெருவை மூடியிருந்தது. எம் காலடியோசை கேட்டு, "ஐயா, ஊருக்கு என்ன நேர்ந்தது? இன்னும் ஒருவரும் எழும்பக் காணோமே" என்றார். அவர் கைகள் நடுங்கின. யாம் நடந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்து, "அது பொய் சொல்லாது என்று இருந்துவிட்டேன்" என்றார். அவர் எம்மைக் கடிந்திருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும். மூன்று நாள் சளியுங் காய்ச்சலுமாய்க் கிடந்தார்.

கடைத்தெருவிற் கடிகாரம் பழுது பார்ப்பவர் இப்போது கைப்பேசிக் கண்ணாடி மாற்றிப் பிழைக்கின்றார். அழைத்து வந்தோம். கருவிப்பெட்டியைத் திறக்கவுமில்லை. உள்ளிருந்த கம்பி ஒன்றை விரலால் உயர்த்தினார், மணி ஆறடித்தது. மீண்டும் உயர்த்தினார், ஓரடி. இவ்வாறே முட்களோடு இசையுமட்டும் அடிக்கவிட்டார். "தம்பி, முள்ளை நகர்த்தும்போது அடித்து முடிக்கும்வரை பொறுக்க வேண்டும்" என்றார். கூலி மறுத்துத் தேநீர் மட்டும் அருந்திச் சென்றார்.

யாம் விடுதிக்குத் திரும்புமுன் பாட்டனார் ஒன்று வேண்டினார். அதன்படி ஆணியைப் பெயர்த்து, கடிகாரத்தை அவர் மார்பளவு உயரத்தில் மாட்டினோம். விரலால் இரு துளைகளையும் தடவிப் பழகிக்கொண்டார்.

சென்ற சனிக்கிழமை மாலை வீட்டிற்குப் பேசினோம். சாவி திரும்பும் ஓசை தெளிவாகக் கேட்டது, பதினான்கு எண்ணினோம். "கொஞ்சம் பொறு, ஐயா" என்றார் பாட்டனார். மணி ஏழடித்தது. அது அடித்து முடித்த பின்னரே எம் தேர்வைப்பற்றி வினவினார்.