நீலச் சுவரின் பூர்வீகம்

பெர்லின் நகரின் மேற்குப் பகுதியில், பிரைட்ஷைட் சதுக்கத்தில் நிற்கும் கைசர் வில்ஹெல்ம் நினைவாலயம், குண்டுவீச்சில் முறிந்த பழைய கோபுரமும் அதன் இரு மருங்கிலும் எழுந்த புதிய கட்டடங்களும் சேர்ந்த ஒரே தொகுதியாகத்தான் உலகெங்கும் அறியப்படுகிறது. பழையதையும் புதியதையும் எதிரெதிரே நிறுத்துவதே கட்டடக் கலைஞரின் முதல் எண்ணமாக இருந்திருக்கும் என்று பார்ப்பவர் கருதுவது இயல்பு. ஆனால் அந்தப் புதிய ஆலயத்தின் சுவர் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினால், வழி பெர்லினை விட்டு விலகி, தென்மேற்கு ஜெர்மனியின் ஒரு புறநகர்ச் சபைக்கும் அங்கிருந்து பிரான்சுக்கும் செல்கிறது.

பழைய ஆலயம் ஃபிரான்ஸ் ஷ்வெக்டென் வடிவமைத்தது. அரைவட்ட வளைவுகளும் கனத்த கற்சுவர்களும் கொண்ட இடைக்கால ரோமனெஸ்க் பாணியைப் பின்பற்றி 113 மீட்டர் உயரக் கோபுரத்துடன் எழுப்பப்பட்டு, 1895 செப்டம்பர் 1ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் முகப்பு மண்டபத்து மொசைக் ஓவியங்களில் ஹோஹென்ஸோலர்ன் அரச குடும்பத்தினர் ஊர்வலமாக நடந்து செல்கின்றனர். வழிபாட்டிடமாக இருந்ததோடு, அது அரச குலத்தின் பெருமையைப் பறைசாற்றும் கட்டடமாகவும் இருந்தது. 1943 நவம்பரில் நடந்த வான்தாக்குதலில் அது எரிந்து சிதைந்தது.

போருக்குப் பின் அவ்விடத்தில் புதிய ஆலயம் கட்ட நடந்த வடிவமைப்புப் போட்டியில், கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எகோன் ஐயர்மான் 1957இல் வென்றார். அவருடைய முதல் திட்டத்தில் பழைய கோபுரத்துக்கு இடமே இல்லை; எஞ்சியதை முற்றிலும் அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவதே அவர் நோக்கம். நகர மக்கள் கடுமையாக எதிர்த்தபின்தான் கோபுரத்தின் அடிப்பகுதி நிலைக்கவும், புதிய கட்டடங்கள் அதைச் சூழ்ந்து அமையவும் இணக்கம் ஏற்பட்டது. இன்று ஒரே சிந்தனையாகத் தோன்றும் அமைப்பு, உண்மையில் ஒரு நகரத்தின் பிடிவாதத்துக்குக் கலைஞர் ஒருவர் இடங்கொடுத்ததன் விளைவு. ஆகவே புதிய சுவரின் பிறப்பை அந்த முறிந்த கோபுரத்தின் அருகில் தேடுவதில் பயனில்லை.

அதன் பிறப்பிடம் தென்மேற்கு ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைமில் இருக்கிறது. நகைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அந்நகரம் 1945 பிப்ரவரி 23ஆம் நாள் இரவில் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. 17,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே 1951 முதல் 1953 வரை ஐயர்மான் கட்டிய மத்தேயு ஆலயத்தில், பளுவைத் தாங்கும் பொறுப்பு முழுவதையும் கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் கொண்ட சட்டகம் ஏற்றுக்கொள்ள, அவற்றின் இடைவெளிகளை மட்டும் முன்வார்ப்புக் கற்கள், அதாவது தொழிற்கூடத்தில் அச்சில் வார்த்துப் பின்னர் தளத்தில் பொருத்தப்படும் கான்கிரீட் கற்கள், நிரப்புகின்றன. நம்மூர் வீடுகளில் காற்றுக்காக வைக்கும் ஜாலிக் கற்களைப் போலத் துளையுள்ள இவற்றில் வண்ணக் கண்ணாடி பதிக்கப்பட்டது. சுவர் எடை தாங்க வேண்டாத நிலை ஏற்பட்டதால் அது முழுவதுமே சாளரமாக மாறிவிட முடிந்தது. இதைவிட முக்கியமானது, அக்கற்களுக்கான ஜல்லி அழிந்த நகரத்தின் இடிபாடுகளை நொறுக்கிப் பெறப்பட்டது என்பது. கட்டுமானப் பொருள் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் இது சிக்கனமும் கூட. எனினும் வழிபடுவோரைச் சூழ்ந்திருந்த சுவர், அவர்கள் வாழ்ந்திருந்த வீடுகளின் துகளால் ஆனது என்ற உண்மையை எந்தச் சிக்கனக் கணக்கும் விளக்கிவிட முடியாது. பெர்லினின் புகழுக்கு முன் இச்சிறிய ஆலயம் மறைந்து கிடப்பது வருந்தத்தக்கது.

துளைக்கல்லில் கண்ணாடி பதிக்கும் முறைக்கு இன்னும் பழைய முன்னோடியும் உண்டு. பாரிசை அடுத்த லெ ரான்சியில் ஒகுஸ்த் பெரே 1923இல் கட்டி முடித்த கத்தோலிக்க ஆலயம், மெல்லிய கான்கிரீட் தூண்களுக்கு வெளியே தரை முதல் கூரை வரை இத்தகைய சுவரைக் கொண்டிருக்கிறது. அதுவும் போரில், முதல் உலகப் போரில், மாண்டவர்களின் நினைவாகவே எழுந்தது.

இதே முறையில் எழுந்த பெர்லின் ஆலயச் சுவரின் கண்ணாடியும் பிரான்சிலிருந்து வந்ததே. அதைச் செய்தவர், ஐயர்மான் பிறந்த அதே 1904ஆம் ஆண்டில் பிறந்த கப்ரியேல் லுவார். அவருடைய பட்டறை சார்த்ர் நகரையொட்டி அமைந்திருந்தது. அவர் கையாண்ட ‘டால் டி வேர்’ முறையில், ஈயப் பட்டைகளால் இணைக்கப்படும் மெல்லிய தகடுகளுக்குப் பதிலாகத் தடித்த கண்ணாடிப் பாளங்கள் சுத்தியலால் உடைக்கப்படுகின்றன. சிதறிய விளிம்புகளில் ஒளி பட்டுப் பல திசைகளில் தெறிக்கிறது. நீலமே மேலோங்க, இடையிடையே சிவப்பும் பச்சையும் மஞ்சளும் விரவிய இக்கண்ணாடி, பகைநாடாக இருந்த பிரான்சின் கைவினைஞரிடமிருந்து ஜெர்மானியச் சீர்திருத்தச் சபை ஒன்றுக்கு வந்து சேர்ந்தது.

ஐயர்மான் பெர்லினில் புதிதாகச் சேர்த்தது ஒன்று உண்டு: இரட்டைச் சுவர். எண்கோண ஆலயத்தின் உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஆள் நடமாடத்தக்க வெளி விடப்பட்டிருக்கிறது. இது சாலைப் போக்குவரத்தின் இரைச்சலைத் தடுக்கிறது. அங்கே பொருத்திய விளக்குகள் இருட்டிய பின் சுவரை உள்ளும் புறமும் ஒளிரச் செய்கின்றன. பெருநகரத்தின் நடுவே பிரசங்கம் கேட்கும்படி இருக்க வேண்டும் என்ற எளிய தேவை இதில் நிறைவேறியது. திருமறை வாசிப்பையும் அருளுரையையும் வழிபாட்டின் மையமாகக் கொண்ட சபைக்கு அதைவிடப் பெரிய தேவை இல்லை.

பெர்லின் சுவர் எழுந்த நான்கு மாதங்களுக்குப் பின், 1961 டிசம்பர் 17ஆம் நாள், பேராயர் ஓட்டோ டிபேலியுஸ் இந்த ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். அரசர்கள் ஊர்வலம் சென்ற பழைய மண்டபத்துக்கு மாறாக, இங்கே சுவர்களில் ஓவியக் கதைகள் எவையும் இல்லை. கார்ல் ஹெம்மெட்டர் உலோகத்தில் வடித்த, கைகளை விரித்த கிறிஸ்துவின் உருவம் மட்டும் திருவிருந்து மேசைக்கு மேல் நீலச் சுவரின் முன் தொங்குகிறது.